மணி அடித்தால் எடுக்காத ஊர்

கபெண்டே ஊர் மலை மேல் நிற்கும் போன் டவர் நான் கட்டியது. தனியாகக் கட்டவில்லை, என்னோடு ஆட்கள் இருந்தார்கள். ஆனாலும் உச்சியில் ஏறி ஆன்டெனாவைப் பூட்டிய கை என்னுடையது. ஒவ்வொரு போல்ட்டையும் இரண்டாம் முறை இறுக்கிப் பார்த்த கையும் என்னுடையது. அதனால் நான் கட்டியது என்றுதான் சொல்வேன். பிடிக்காதவர்கள் காதைப் பொத்திக்கொள்ளலாம்.

அந்த ஊருக்குச் சாலை கிடையாது. கிகோமாவில் விடியற்காலை படகு ஏறினால், ஏரிக்கரையோடு தெற்கே போய் உச்சி வெயிலில் இறங்கலாம். டவருக்கான இரும்பு முழுவதும் மீன்பிடிப் படகுகளில்தான் வந்தது. கரையிலிருந்து மலைக்கு அதைத் தலையிலும் தோளிலும் ஏற்றியவர்கள் ஊர்ப் பெண்கள். ஆண்கள் இரவெல்லாம் ஏரியில் விளக்கு வைத்து டகா என்கிற பொடி மீன் பிடித்துவிட்டுப் பகலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் குறட்டையைக் கேலி செய்து பாட்டுக் கட்டி, அதைப் பாடிக்கொண்டே பெண்கள் இரும்பைச் சுமந்தார்கள். அந்தப் பாட்டில் இருந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

இணைப்பு வந்த அன்று உச்சியில் நின்று கீழே பார்த்தேன். கரை முழுக்க மக்கள். போன் உள்ளவர்கள் அதைக் காதில் வைத்திருக்க, இல்லாதவர்கள் அவர்கள் தோளை ஒட்டி நின்றார்கள். என் வாழ்க்கையில் அதற்கு முன் நான் அவ்வளவு பெருமைப்பட்டதில்லை. கம்பத்தில் ஏறுகிற பெண்ணை எவன் கட்டுவான் என்று என் ஊரான உஜிஜியில் அத்தைமார் பேசியதெல்லாம் அந்த உயரத்தில் எனக்குக் கேட்கவே இல்லை.

ஒரு வருடம் ஆவதற்குள் அதைப் பிரிக்கச் சொல்லி ஆள் வந்தார்.

அவர் பெயர் கிவுயோ. தார் எஸ் சலாம் தலைமை அலுவலகத்துக்காரர். எந்த டவர் இருக்க வேண்டும், எது வேறு ஊருக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்கிறவர். நல்ல மனிதர்தான், சிரிக்க மட்டும் தெரியாது. கிகோமா அலுவலகத்தில் என்னை எதிரே உட்காரவைத்துக் கணினியைத் திறந்தார்.

"சிவேமா, உன் டவர்ல இருந்து ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்குல கால் போகுது. ஒண்ணுகூடப் பேச்சா மாற மாட்டேங்குது. யாரும் எடுக்குறதே இல்ல."

"மிஸ்டு கால் சார். நம்ம நாட்டுல எல்லாரும் குடுக்குறதுதானே."

"எனக்குத் தெரியாதா? என் தம்பி தினமும் எனக்குக் குடுக்குறான். ஆனா நான் திருப்பிக் கூப்பிடுறேன். எல்லா ஊர்லயும் யாராவது ஒருத்தர் திருப்பிக் கூப்பிடுவாங்க. இங்க யாருமே கூப்பிடல. சின்ன ஊருன்னு சின்னப் பெட்டிதான் வெச்சோம், ஏழு பேர் ஒரே நேரத்துல பேசலாம். அந்த ஏழு இடமும் ஒரு நாள்கூட நிறைஞ்சதில்ல. ஒண்ணு, பெட்டியில கோளாறு. இல்லைன்னா நீ பூட்டினதுல கோளாறு."

எனக்குச் சுருக்கென்றது. "நான் பூட்டினதுல கோளாறு இருந்தா என் பேரை மாத்திக்கிறேன் சார்."

"நீ பேரை மாத்தினா டீசல் செலவு குறையுமா? மாசா மாசம் படகுல டீசல் போகுது. ஊர் பேசலைன்னா அங்க டவர் எதுக்கு? பக்கத்துல சிபாங்காக்காரங்க எப்ப வரும், எப்ப வரும்னு கேட்டுட்டே இருக்காங்க. நாளைக்கு நேர்ல போய்ப் பாக்குறேன். சாயந்தரம் தார் ஆபீசுக்கு என் பதில் போகணும். பிரிக்கணும்னா நீயே பிரிச்சிடு. கட்டினவளுக்குத்தான் எந்த போல்ட் எங்க இருக்குன்னு தெரியும்."

அதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை, உகாலிக் களியும் இறங்கவில்லை. நான் கட்டியதை நானே பிரித்து, அந்த ஊர்ப் பெண்கள் பார்த்துக்கொண்டிருக்கப் படகில் ஏற்ற வேண்டுமாம்.

முன்கூட்டியே எச்சரித்துவிடலாம் என்று ஊர்த் தலைவர் ஃபெருசிக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, மனிதர் எடுக்கவில்லை. மறுபடியும் செய்தேன், எடுக்கவில்லை. கடைசியில் அந்தப் பக்கம் போகிற படகுக்காரனிடம் வாய்வழியாகச் சொல்லி அனுப்பினேன்: கம்பெனியிலிருந்து பெரியவர் வருகிறார், நீங்கள் போனை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்று பார்ப்பார், அவருக்கு நன்றாகக் காட்டுங்கள்.

நன்றாகத்தான் காட்டினார்கள்.

நாங்கள் இறங்கியபோது மணலில் நாற்காலி போட்டு, அதன் மேல் புதுத் துணி விரித்து வைத்திருந்தார்கள். ஃபெருசி அந்த வெயிலிலும் கோட்டுப் போட்டிருந்தார். கிவுயோவுக்குக் கை கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பி, முகத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு என் இரண்டு கைகளையும் பிடித்தார்.

"உங்க வீட்ல யாரும்மா போனது? அம்மாவா? நேத்து ஊரே உனக்காக அழுதுச்சு. மாவு வசூல் பண்ணி ஒரு கோழியும் கட்டி வெச்சிருக்கோம்."

"எங்க வீட்ல யாரும் சாகலையே தலைவரே."

"அப்புறம் எதுக்கு அப்படி நிக்காம அடிச்ச?"

"உங்ககிட்ட பேசத்தான்."

"பேசவா?" என்று கேட்டு, கோட்டின் பொத்தானைத் தடவிக்கொண்டே என்னை ஒரு மாதிரி பார்த்தார். கிவுயோவும் என்னைப் பார்த்தார். எனக்கு அப்போதே விஷயம் பாதி புரிந்துவிட்டது. மீதிப் பாதியை ஃபெருசி கூட்டத்தின் நடுவில் நின்று விளக்கினார்.

"சார், இப்ப பாருங்க. சவுசிகு, முன்னாடி வா."

சவுசிகு மீன் காயவைத்து விற்கிறவள், ஐம்பது வயதிருக்கும். டவருக்கு இரும்பு சுமந்தபோது எல்லாருக்கும் முன்னால் போனவள் அவள்தான், பாட்டுக் கட்டியவளும் அவள்தான். கூட்டத்தில் யாரோ அழுத்த, அவள் கையிலிருந்த போன் ஒரு முறை அடித்து நின்றது.

"ஒரு மணி. படகு வந்திருச்சு, கூடையோட வா," என்றாள் சவுசிகு.

இரண்டு முறை அடித்து நின்றது.

"ரெண்டு மணி. கிகோமா சந்தையில விலை விழுந்திருச்சு, இன்னைக்கு மீன் அனுப்பாத."

"மூணு அடிச்சா?" என்று ஃபெருசி பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி கேட்டார்.

"சோறு ஆயிருச்சு, வா," என்று கூட்டமே சொன்னது.

"ரெண்டு அடிச்சு, நிறுத்தி, இன்னொண்ணு அடிச்சா?"

"மாமியா வந்திருக்கா, வீட்டைக் கூட்டு."

சிரிப்பு அலையாக எழுந்து அடங்கியது. கிவுயோ சிரிக்கவில்லை. "நிக்காம அடிச்சா?" என்று கேட்டார்.

"அது சாவு சார்," என்றார் ஃபெருசி. குரல் தானாகத் தணிந்தது. "யாரோ போயிட்டாங்கன்னு அர்த்தம். அதை எடுக்க வேண்டியதே இல்ல. எந்த வீட்டுச் சாவுன்னு நம்பரைப் பாத்தாத் தெரிஞ்சிடும். உக்காந்து அழ வேண்டியதுதான்." பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "எல்லாம் நாங்களே யோசிச்சு வெச்சது சார். டவர் திறந்த அன்னைக்குப் போன்ல போட்ட காசு இன்னும் அப்படியே இருக்கு. ஒரு சல்லி செலவாகல. உங்க கம்பெனியில வேற எந்த ஊராவது இப்படிப் பண்ணுதா?"

ஊரே கை தட்டியது. மூன்று படகுக்குச் சொந்தக்காரியான நியாமிசி தன் போனை உயர்த்தி, செலவாகாத காசைக் கிவுயோவின் கண்ணுக்கு நேரே காட்டினாள். நான் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கிவுயோ எழுந்து எல்லாருக்கும் நன்றி சொன்னார். பிறகு என்னைத் தனியே கூட்டிப்போனார்.

"நீ பூட்டினதுல ஒரு குறையும் இல்ல. பெட்டியும் நல்லா இருக்கு. ஊர்தான் ரொம்பக் கெட்டிக்கார ஊரா இருக்கு. இந்தக் கெட்டிக்காரத்தனத்தை ஊத்தினா ஜெனரேட்டர் ஓடாது சிவேமா. நான் மேல போய் டவரை ஒரு தடவை பாத்துட்டு வர்றேன். பொழுது சாயுறப்ப தாருக்குச் சொல்லிடுறேன். நீ ஆளுங்களை ரெடி பண்ணு."

அவர் மலையேறினார். நான் மீன் காயவைக்கிற இடத்துக்குப் போனேன். பெண்கள் குனிந்து டகாவைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லார் முகத்திலும் பரீட்சையில் தேறிய களை.

"எப்படி? மிரண்டுட்டாரா உங்க பெரியவரு?" என்றாள் நியாமிசி.

"டவரை எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டாரு," என்றேன்.

யாரும் நம்பவில்லை. டீசலைப் பற்றிச் சொன்னேன். மணி அடிப்பதற்குக் கம்பெனிக்குக் காசு கிடையாது, பேசினால்தான் காசு, அந்தக் காசில்தான் மலை மேல் இயந்திரம் ஓடுகிறது என்று சொன்னேன். மீன் புரட்டிய கைகள் ஒவ்வொன்றாக நின்றன.

"நாங்க சுமந்த இரும்பை எவன் எடுப்பான்?" என்றாள் சவுசிகு.

"நான்தான் எடுப்பேன். எடுத்துக் கொண்டுபோய் சிபாங்காவுல நடுவேன்."

"சிபாங்காவுலயா? அங்க இருக்குறவனுங்களுக்கு வலையே ஒழுங்காப் பின்னத் தெரியாதே."

"அவங்களுக்குப் பேசத் தெரியும் அம்மா. உங்க ஊர்ல யாராவது ஒருத்தர் திருப்பிக் கூப்பிட்டாப் போதும், ஒண்ணைப் பாத்து இன்னொண்ணு பேசும். யாரு கூப்பிடுறீங்க?"

எல்லாரும் குனிந்து மறுபடியும் மீனைப் புரட்டினார்கள். ஏன் என்று எனக்கும் தெரியும். எங்கள் நாட்டில் மிஸ்டு கால் கொடுப்பது இல்லாதவன் உரிமை, திருப்பிக் கூப்பிடுவது இருக்கிறவன் கடமை. ஒரு தடவை திருப்பிக் கூப்பிட்டுவிட்டால் நீ இருக்கிறவன் என்று நீயே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். அப்புறம் ஊரில் கல்யாணம், காய்ச்சல், கூரை பிய்ந்தது எல்லாம் உன் வாசலுக்குத்தான் வரும். கபெண்டேயில் அந்தப் பட்டத்தை ஏற்க ஒருத்தருக்கும் துணிச்சல் இல்லை.

"நியாமிசிக்கு மூணு படகு இருக்கு," என்று யாரோ சொன்னார்கள்.

"மூணுல ரெண்டு ஒழுகுது," என்றாள் நியாமிசி.

"தலைவர் கோட்டுப் போட்டிருக்காரே."

"இது எங்க மச்சான் கோட்டு," என்றார் அதற்குள் அங்கே வந்துவிட்ட ஃபெருசி. உள் கையில் இருந்த கிழிசலையும் திருப்பிக் காட்டினார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "இவ்வளவு பெரிய ஏழைங்களுக்கு எதுக்கு டவர்? உக்காந்து மீனைப் புரட்டுங்க," என்று சொல்லிவிட்டு ஸ்பேனர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். கோபத்தில் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அதை அவர்களுக்குக் காட்டக் கூடாது என்பதற்காகவே வேகமாக நடந்தேன்.

பின்னாலேயே சவுசிகு வந்தாள். "ஏ பொண்ணே, நெசமாவே உன் கையால பிரிச்சிடுவியா?"

"நான் பிரிக்கலைன்னா வேற ஆள் வருவான். அவனுக்கு நீங்க பாடின பாட்டுத் தெரியாது. இரும்புன்னு நினைச்சு உருட்டி விட்டுடுவான்."

சூரியன் ஏரிக்கு அந்தப் பக்கம், காங்கோ மலைகளுக்கு மேல் இறங்கிக்கொண்டிருந்தது. ஆண்கள் படகுகளில் விளக்குகளைக் கட்ட ஆரம்பித்திருந்தார்கள். அப்போது சவுசிகுவின் போன் ஒரு முறை அடித்து நின்றது.

ஊரில் எல்லாருக்கும் தெரிந்த மணி அது. அவள் மகன் மஷாக்கா முவான்சாவில் மீன் ஆலையில் வேலை செய்கிறான். போய் மூன்று வருடம், ஊர்ப் பக்கம் வரவில்லை. டவர் வந்த நாளிலிருந்து, பொழுது சாய்ந்தால் அவன் ஒரு மணி அடிப்பான். முவான்சாவிலிருந்து வந்தால் அதற்குப் படகு என்று அர்த்தமில்லை: நான் நல்லா இருக்கேன். இவள் ஒரு மணி திருப்பி அடிப்பாள்: நானும் நல்லா இருக்கேன். அவ்வளவுதான் தாயும் பிள்ளையும்.

அன்று அவள் உடனே திருப்பி அடிக்கவில்லை. போனை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அவன் எடுத்தான்னா குரல் கேக்குமா? தெளிவாக் கேக்குமா?"

"பக்கத்துல நின்னு பேசுற மாதிரி கேக்கும். நான் பூட்டினது," என்றேன்.

அவள் பொத்தானை அழுத்தினாள். ஒரு மணி போனது. பழக்க தோஷத்தில் கட்டை விரல் துண்டிக்கப் போனது, இன்னொரு கையால் அந்த விரலைப் பிடித்துக்கொண்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. பெண்கள் ஒவ்வொருவராக எங்களைச் சுற்றி வந்து நின்றார்கள். மணி தானாக நின்றுபோனது.

"எடுக்க மாட்டான். சாவுன்னு உக்காந்து அழுதுட்டிருப்பான்," என்றாள் நியாமிசி.

சவுசிகு மறுபடியும் அழுத்தினாள். வெகுநேரம் அடித்தது. பிறகு எடுக்கிற சத்தம் கேட்டது, அதற்குப் பின்னால் ஓர் ஆண் குரல், அழுகையில் உடைந்து, எங்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி: "யாரு பேசுறது? அம்மா எப்ப போனாங்க?"

நான் சவுசிகுவின் தோளைத் தட்டினேன்.

"அம்மாதான்டா பேசுறேன்," என்றாள்.

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது.

"யாரும் சாகலடா. உங்கம்மா பணக்காரி ஆயிட்டா. அதான் கூப்பிட்டேன்."

அந்தப் பக்கம் அவன் சிரித்தானா, அழுதானா என்று எனக்குத் தெரியவில்லை. "அம்மா, அம்மா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். சவுசிகு மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"உன் குரலாடா இது? போறப்ப கீச்சுக் குரலா இருந்துச்சே. இப்ப உங்கப்பன் பேசுற மாதிரியே இருக்கு. பேசு, நிறுத்தாம பேசு. என்ன சாப்பிட்ட, அதைச் சொல்லு."

கூட்டத்தில் யாரோ, காசு போகுது அக்கா, என்று மெதுவாகச் சொன்னார்கள். சவுசிகு போனைக் காதிலிருந்து எடுக்காமலே தலையை நிமிர்த்தினாள்.

"போகட்டும். ஆமா, நான் பணக்காரிதான். இந்தக் கபெண்டேல நான்தான் பணக்காரி. யாருக்கு என்ன வேணுமோ நாளைக்கு வாசல்ல வந்து நில்லுங்க. இப்ப என் மகன் பேசுறான், தள்ளிப் போங்க."

நான் பெருமைப்பட்ட நாள் டவர் திறந்த நாள் என்று முன்பு சொன்னேன். அது தப்பு. இந்த நாள்தான்.

நியாமிசி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "இவ பணக்காரியா? ஒரு படகுகூட இல்லாதவ பணக்காரின்னா, மூணு படகு வெச்சிருக்கிற நான் யாரு?"

"ரெண்டு ஒழுகுதுன்னியே," என்றார் ஃபெருசி.

"ஒழுகினாலும் மூணு மூணுதான்." அவள் கிகோமாவில் இருக்கும் தங்கைக்கு அழுத்தினாள். தங்கை எடுத்ததும் கேட்ட முதல் கேள்வி கரை வரைக்கும் கேட்டது: "யாருக்கா போனது?"

அப்புறம் யாரையும் பிடித்து நிறுத்த முடியவில்லை. தலைவராக இருந்துகொண்டு கடைசியாகப் பேசினால் மரியாதை என்னாவது என்று ஃபெருசி, கோட்டுக்குச் சொந்தக்காரரான மச்சானையே கூப்பிட்டார். படகில் ஏறியிருந்த ஆண்கள் விளக்கைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தார்கள். கரை நெடுக ஒரே பதில்தான் கேட்டுக்கொண்டிருந்தது: யாரும் சாகல, சும்மாதான் கூப்பிட்டேன், யாரும் சாகல.

கிவுயோ மலையிலிருந்து இறங்கி வந்தார். போனைக் காதில் வைப்பதும் எடுத்துப் பார்ப்பதுமாக வந்தார். நெற்றியில் சுருக்கம்.

"சிவேமா, உன் டவர் வேலை செய்யல. தாருக்கு அடிச்சு அடிச்சுப் பாக்குறேன், லைனே கிடைக்கல."

"வேலை செய்யுது சார். ஏழு பேர் பேசிட்டு இருக்காங்க. நீங்க எட்டாவது ஆள்."

அவர் அப்போதுதான் கரையைப் பார்த்தார். வரிசையில் நின்று தன் முறைக்குக் காத்திருக்கிறவர்களையும் பார்த்தார். கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். பிறகு, மணலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த சவுசிகுவிடம் போய்க் குனிந்தார்.

"அம்மா, ஒரு நிமிஷம் வெச்சீங்கன்னா நான் தாருக்கு ஒரு வார்த்தை சொல்லிடுவேன்."

சவுசிகு போனை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். "பணக்காரங்க பேசிட்டு இருக்கோம் தம்பி. நீங்க ஒரு மிஸ்டு கால் குடுங்க, அவங்களே கூப்பிடுவாங்க."

சிரிக்கத் தெரியாத மனிதர் என்று சொன்னேனே, அது அன்றோடு பொய்யாகிவிட்டது. சிரித்து முடித்து, போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கவிழ்த்துப் போட்டிருந்த படகின் மேல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கரை பேசிக்கொண்டே இருந்தது.

"ஏழு பத்தாது போலிருக்கே," என்றார் கடைசியில். "இன்னொரு பெட்டி வேணும் இல்ல?"

"வேணும் சார்," என்றேன். "அதையும் நானே பூட்டுறேன்."